கழுவக் கூடாத மணல்

ஆய்வகத்துக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தண்ணீர்த் தொட்டியருகே யாரோ ஒருவன், அவளுடைய குப்பியிலிருந்த கடல்மணலை வெளுப்பு மருந்தில் அலசிக்கொண்டிருந்தான்.

“யாரைக் கேட்டு இதைத் தொட்டீங்க?”

அவன் நிமிர்ந்தான். மழைக்கு முந்தைய வானம்போல் கறுத்த கண்கள்...

“ஒரே பிசுபிசுப்பு. அழுக்குன்னு கழுவிட்டேன்...”

“அந்தப் பிசுபிசுப்புதாங்க என் ஆராய்ச்சியே.”

புதிதாக வேலையில் சேர்ந்தவன். முன்பிருந்த ஆய்வகத்தில் சுண்ணாம்பு மணல் எதுவானாலும் முதலில் வெளுத்துவிடுவது வழக்கமாம். தன்னுடையதென்று நினைத்து இவளுடையதை எடுத்துவிட்டான். அவளோ, பாசியும் நுண்ணுயிர்களும் விட்டுச்செல்லும் பசையில்தான் கடல்நீரின் சுண்ணாம்பு ஒட்டி மணியாகத் திரள்கிறது என்று நிரூபிக்கப் போராடுகிறவள். இப்போது மிஞ்சியது பளபளக்கும் வெறும் மணல்.

மன்னிப்புக் கேட்டான். அவள் முகம் கொடுக்கவில்லை. மறுநாளும் கேட்டான். ஊஹூம்... வீட்டுக்குப் போய் அக்காவிடம் அவனைத் திட்டித் தீர்த்தாள்.

“ஏண்டி, கழுவினது கைதானே? அவன் கண்ணை எதுக்குத் திட்டுற?”

அதன்பிறகு அவளுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் காது வாசலில் போய் நின்றது.

ஒரு மதியம் அவன் இருக்கை காலி. ஆய்வகத்தின் படகுப் பொறுப்பாளரைக் கேட்டாள். கடல் நடுவே இருக்கும் மணல் திட்டுக்குப் போயிருக்கிறானாம். மழைக்காலம் பிடித்தால் மாதக்கணக்கில் அங்கே போக முடியாது, அவளுக்குப் புது மணல் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தானாம். அவர் சொல்லி வாய் மூடவில்லை, மழை கொட்டத் தொடங்கியது.

குடையை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்கு ஓடினாள். நின்றாள்... நடந்தாள்... மறுபடி நின்றாள். ‘பரவாயில்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருப்பானா? அந்த ஒரு வார்த்தைக்கு அத்தனை வீம்பு...

ஒருவழியாகப் படகு வந்தது. குமட்டலில் முகம் வெளிறி, குப்பியை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கினான்.

“பயப்படாதீங்க... கழுவல.”

“மணல் கிடக்கு. உங்களை யாரு போகச் சொன்னா?”

“நீங்கதான் பேசவே மாட்டேங்கறீங்களே...”

காற்றில் குடை புரண்டு மடங்கியது. அவள் அதைச் சரிசெய்யவில்லை.

“மணல் இல்லைன்னா அடுத்த வருஷம் எடுத்துக்குவேன். நீங்க திரும்பி வராம போயிருந்தா... நான் எங்க போய்த் தேடுவேன்?”

அவனுடைய நனைந்த இமைகள் ஒருமுறை மூடித் திறந்தன. ஏதோ கேட்க வாயெடுத்தான்...

“உங்களைப் பிடிச்சிருக்கு,” என்றாள், அவன் கேட்பதற்குள்.