சாமி அலமாரியில் ஒரு ராஜா

முதியோர் இல்லத்து வேலை முடிந்து, ஹில்ஸ்பரோவில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் பழைய மரவீட்டின் கதவைத் திறந்தபோது எனக்கு ஒரே ஆசைதான். காலை நீட்டிப் படுக்க வேண்டும். அதற்குள் கணவர் ராம்பிரசாத் ஒரு சின்னப் பெட்டியோடு வந்து நின்றார்.

"மரகதம், இதைப் பாரேன்! ரோமாபுரி வெள்ளிக்காசு. செத்தப்புறம் சாமியாக்கின ராஜாவுக்காக அடிச்சது. அவரை மாதிரியே மெழுகு பொம்மை செஞ்சு எரிப்பாங்களாம்."

ஒரு பக்கம் கிரீடம் வைத்த தலை. மறுபக்கம் தீ எரியும் பலிபீடம்.

"சாமின்னா சாமி அலமாரியில வைங்க," என்றேன். யோசிக்கக்கூடத் தெம்பில்லை. விளக்கேற்றி, படங்களுக்குக் குங்குமம் வைத்த கையோடு அதற்கும் வைத்தேன்.

மறுநாளிலிருந்து வீட்டில் மெழுகு கருகும் வாடை. நாங்கள் மெழுகுவர்த்தி வாங்குவதே இல்லை. புகையே இல்லாமல் ஸ்மோக் அலாரம் அலறியது. வேறு மாற்றினோம். அதுவும் அலறியது.

பிறகு மகள் தேவதர்ஷினிக்குக் காய்ச்சல். மருந்து கொடுத்தும் நெற்றி அடுப்பாகக் கொதித்தது.

"அம்மா, ஹீ இஸ் பர்னிங்," என்று அலமாரியைக் காட்டி முனகினாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ, செத்தவர் படத்தைச் சாமி படங்களோடு வைப்போமா? மாமனார் படமே ஹாலில் தனியாகத்தான் தொங்குகிறது. நானோ எங்கேயோ செத்துப்போன ஒருவரை முருகன் பக்கத்தில் உட்காரவைத்துப் பொட்டும் வைத்திருக்கிறேன்!

"இப்பவே திருப்பிக் குடுத்துட்டு வாங்க."

"வைரஸ்னு டாக்டரே சொல்லிட்டாரு. நீ வேற..."

"சண்டை போட எனக்குத் தெம்பில்லைங்க. எடுங்க."

வாங்கின கடையிலேயே காசைக் கொடுத்துவிட்டு வந்தார். அன்றே காய்ச்சல் இறங்கியது. திங்கட்கிழமை தர்ஷினி பள்ளிக்குப் போனாள். அப்பாடா என்று நானும் வேலைக்குப் போனேன்.

மாலை திரும்பியபோது வீட்டில் யாரும் இல்லை. எல்லர்ஸ்லியில் ஆபீஸ் முடிந்து, வழியில் பிள்ளையை அழைத்துக்கொண்டு அவர் வருவார்.

அதே மெழுகு வாடை.

அலமாரியில் காசு இருந்த இடம் காலியாக இல்லை.

ஹாலில் இருந்த தர்ஷினியின் பள்ளிக்கூடப் போட்டோ அங்கே சாய்ந்து நின்றது. நெற்றியில் குங்குமம். தொட்டுப் பார்த்தேன். இன்னும் காயவில்லை.

உயிரோடு இருப்பவர்கள் படத்துக்கு நாங்கள் பொட்டு வைப்பதில்லை.

உடனே அவருக்குப் போன் போட்டேன்.

"வந்துட்டே இருக்கேன் மரகதம். தர்ஷினி பின்சீட்ல தூங்குறா," என்றார். "ஆமா, கார்ல ஏன் இப்படி மெழுகு வாடை அடிக்குது?"