இடுப்பைப் பார்த்து நட

பதினோராவது வாரத்தில் தளபதி ஆதிரையின் விண்சட்டை இடுப்புக்கு மேலே ஏறிவிட்டது.

செவ்வாயில் மூச்சுவிடக் காற்று கிடையாது. குளிர் ஆளை நின்ற இடத்தில் விறைக்க வைக்கும். அவளோடு போன ஆறு ஆண்களும் கழுத்துவரை மூடிய கனத்த உடுப்பில்தான் நடந்தார்கள். ஆதிரை மட்டும் வயிறு தெரிய, இடுப்பு தெரிய, செம்மண்ணில் உப்புப்பாறையைத் தலையில் சுமந்துகொண்டு போனாள். தலைக்கவசத்தை மட்டும் விட்டு வைத்திருந்தார்கள்.

தூத்துக்குடி உப்பளத்துக் குடியிருப்பில், தன் வீட்டுத் தரையில் உட்கார்ந்து சந்தனமாரி அந்தத் தொடரைத் திரையில் பார்த்தாள். ஆதிரையின் முகம் மாரியுடையது இல்லை, எந்திரம் வரைந்தது. நிறமும் வயதும் அவளுடையவை இல்லை. நடை அவளுடையது. இடது கால் லேசாக வெளியே விழும், வலது இடுப்பு ஒரு விரல் ஏறி இறங்கும். இருபத்தாறு வருடம் உப்புச் சட்டி சுமந்ததில் வந்த நடை.

எந்திரம் வரைந்த பெண்களுக்கு எல்லாம் வரும், கனம் மட்டும் வராது. தலையில் பாறையை வைத்தாலும் பூக்கூடை மாதிரி போவார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அதனால் தொடர்க்காரர்கள் உப்பளத்துக்கு வந்து, மாரியின் உடம்பெல்லாம் புள்ளி ஒட்டி, இரண்டு நாள் சட்டியோடு நடக்கவிட்டு 'நடைப்பதிவு' எடுத்துப் போனார்கள். இரண்டாம் நாள் வரப்பில் வழுக்கி, சட்டியோடு விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். "அதை வெட்டிருவோம்க்கா" என்றான் பதிவெடுத்த பையன். அவளும் சிரித்தாள்.

முதல் வாரங்களில் குடியிருப்பே பெருமைப்பட்டது. ஆதிரை நாற்பது வயதுக்காரி, கலத்தை ஓட்டுகிறவள், ஆறு ஆண்களை அதட்டுகிறவள். கலத்தின் இயந்திரக்காரனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அவன் வந்து சொல்லட்டும் என்று காத்திருக்கவில்லை. நேரே போய், "உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு. உனக்கு எப்படி?" என்று கேட்டாள். அளத்துப் பெண்கள் அதை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கேலி இல்லை.

பிறகு அவள் பேச்சு குறைந்தது. சட்டையும் குறைந்தது.

எல்லார் வீட்டுத் திரையின் மேல்விளிம்பிலும் புளியங்கொட்டை அளவில் கறுப்பாக ஒன்று இருக்கும். அதுதான் விழிமானி. வீட்டில் எத்தனை கண், எந்தக் கண் திரையில் எங்கே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்று அது எடுத்துக்கொள்ளும். வட்டாரத்துக் கண்களையெல்லாம் சேர்த்து, காட்சிநெய்வி என்ற எந்திரம் மறுநாள் பாகத்தை அந்த வட்டாரத்துக்கென்றே நெய்யும். கண் நின்ற இடம் பெரிதாகும். நிற்காத இடம் உதிரும். இயந்திரக்காரனிடம் ஆதிரை பேசியபோது இவர்கள் வட்டாரத்தில் அவள் வாயை யாரும் பார்க்கவில்லை. வாய் போயிற்று.

*

"தளபதி வாறாங்க, வழிய விடுங்கலே!"

லாரியில் உப்பு ஏற்றிக்கொண்டிருந்த இசக்கிராஜ் கத்தினான். மேலே நின்றவர்கள் மண்வெட்டியை ஊன்றிவிட்டுப் பார்த்தார்கள்.

"மைனி, செவ்வாய்ல வெயிலு எப்படி? சட்டையில்லாம போறீயளே!"

"உங்கம்மையக் கூட்டிட்டு வாலே, காட்டுதேன்" என்றாள் மாரிக்குப் பின்னால் வந்த லூர்தம்மாள். சிரித்தார்களே தவிர யாரும் கண்ணை எடுக்கவில்லை.

சட்டியோடு போகிறவளுக்கு நடையை ஒளிக்க இடம் கிடையாது. மாரி ஒரு வாரம் முயன்றாள். காலைக் குறுக்கி, இடுப்பை இறுக்கி நடந்தாள். இரண்டு தடவை சட்டி சரிந்தது. கங்காணி ஏசினார். பழைய நடைக்கே வந்தாள். அந்த நடைதான் சுமக்கும்.

வீட்டில் புருஷன் கொம்பையாவிடம் கேட்டாள். "நீ எங்க பாக்க?"

"எதுல?"

"தொடர்லதான்."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "நீதானன்னு பாத்தேன். பாக்கக் கூடாதா?"

அன்றிரவு அவன் கை அவள் இடுப்பில் விழுந்தபோது, இது எந்தப் பெண்ணைத் தேடி வந்த கை என்று அவளுக்குத் தெரியவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள்.

*

திருநெல்வேலியில் தொடர்க்காரர்களின் வட்டார அலுவலகம் இருந்தது. மாரி லூர்தம்மாளையும் கூட்டிக்கொண்டு போனாள். வான்மதி என்ற அதிகாரிப் பெண் உட்காரச் சொன்னாள். முப்பது வயது இருக்கும்.

"என் நடையத் திருப்பித் தாங்கம்மா" என்றாள் மாரி.

"தர முடியாதும்மா. தொண்ணூத்தொன்பது வருஷத்துக்கு எழுதிக் குடுத்திருக்கீங்க. இப்ப பதினேழு பொண்ணுங்க உங்க நடையில நடக்கறாங்க, வேற வேற தொடர்ல."

"அப்போ சட்டையவாவது இறக்கிவிடுங்க. இப்படி எழுதுதவனுக்கு அக்கா தங்கச்சி கிடையாதா?"

"யாரும் எழுதல. எழுதினவர ஆறாவது வாரமே வேண்டாம்னு அனுப்பிட்டாங்க. கண்ணுதான் எழுதுது." வான்மதி திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். மாநிலப் படத்தில் கடலோரமாக ஒரு புள்ளி ரத்தச் சிவப்பில் இருந்தது. "இது உங்க குடியிருப்பு. மத்த ஊர்ல அவ இடுப்புல கண்ணு ஒண்ணரை விநாடி நிக்குது. உங்க ஊர்ல பதினோரு விநாடி. மாநிலத்துலயே நீங்கதான் முதல்."

"பாத்தியாட்டி" என்றாள் லூர்து. "நம்ம ஆம்பளைய லெச்சணத்த!"

"ஆம்பளைங்க இல்ல. பெண்கள். முக்காவாசி நாப்பது தாண்டினவங்க."

லூர்து சிரிக்கப் போனவள் அப்படியே நின்றாள். மாரிக்கு முதலில் புரிந்தது.

அளத்தில் வரப்பு ஒரு முழ அகலம். மேலே உப்புத்தண்ணீர் பாசி மாதிரி வழுக்கும். தலையில் சுமையோடு குனிந்து காலைப் பார்க்க முடியாது. வெள்ளை வெயிலில் கண் கூசும். அதனால் வரிசையில் போகிறவள் முன்னால் போகிறவளின் இடுப்பில் கண்ணை வைத்துக்கொள்வாள். இடுப்பு ஒருபக்கம் இறங்கினால் அங்கே வழுக்குகிறது. உடனே பின்னாலிருந்து குரல் கொடுக்க வேண்டும். முன்னால் போகிறவள் காலை ஊன்றிக்கொள்வாள். வேலைக்கு வருகிறவளுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இது ஒன்றுதான். இடுப்பைப் பார்த்து நட.

திரையில் மாரியின் நடை போனது. குடியிருப்புப் பெண்கள் அறுபது பேரும் வழுக்கிவிடுவாளோ என்று இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாங்க விழுந்துருவாளோன்னுல்லா பாத்தோம்" என்றாள் லூர்து. "அதுட்ட சொல்லுங்கம்மா."

"எங்க பார்க்கறாங்க, எவ்வளவு நேரம். இது ரெண்டுதான் அதுக்குத் தெரியும். எதுக்குன்னு தெரியாது. சொல்றதுக்கு அதுக்குக் காது வைக்கல."

"டிவியவே அணைச்சிட்டா?"

"கடைசியாப் பார்த்தத வச்சே ஓட்டும்." வான்மதி கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பார்வைய மாத்திப் பாருங்க. எல்லாரும் சேர்ந்து. வேற வழி எனக்குத் தெரியல. இது நான் சொன்னதா இருக்க வேண்டாம்."

*

லூர்தம்மாள் வீடு வீடாகப் போனாள். தொடர் வரும் ஏழரை மணிக்கு ஆண்களை டீக்கடைக்கு விரட்டுவது, பெண்கள் எல்லாரும் ஆதிரையின் தலைக்கவச விளக்கை மட்டும் பார்ப்பது என்று பேச்சு.

சொன்ன அளவுக்குச் சுலபமாக இல்லை. கண் தன்னால் கீழே இறங்கியது. பாறைச் சரிவில் ஆதிரை கால் வைக்கும்போது ஒவ்வொருத்தியும் குரல் கொடுக்கப் போனாள்.

"வேலையில பாத்துக்கிட்டு வீட்டுல பாக்காதன்னா கண்ணு கேக்குமாட்டி?" என்றாள் லூர்து. "விட்டா ரெண்டு இடத்துலயும் விடணும்."

மறுநாளிலிருந்து வரப்பிலும் முன்னால் போகிறவளின் சட்டியைப் பார்த்து நடந்தார்கள். கங்காணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன, எல்லாவளும் வானத்தைப் பாத்துப் போறிய? மழையா வருது?" என்றார்.

நாலாம் நாள் விண்சட்டை ஒரு விரற்கடை இறங்கியது. ஏழாம் நாள் இடுப்பை மூடியது. ஒன்பதாம் நாள் ஆதிரை கழுத்துவரை பூட்டிய உடுப்பில், ஆண்களைப் போலவே நடந்தாள். லூர்து வாசலில் நின்று குலவை விட்டாள். மறுநாள் காலை மாரி தன் நடையில் கடைக்குப் போய் வந்தாள். லாரிக்காரர்கள் வேறு தொடரைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் ஒரு விளக்கை எத்தனை நாள் பார்ப்பது? கண்கள் திரையை விட்டுச் சுவருக்கும் அடுப்புக்கும் போய் வந்தன. காட்சிநெய்விக்குப் பிடி தளர்ந்தது. நழுவும் கண்ணைப் பிடிக்க அது தன் பதிவுக் கிடங்கில் தேடியிருக்க வேண்டும்.

பதின்மூன்றாம் நாள் ஆதிரை விழுந்தாள்.

இடது கால் வெளியே விழுந்து, வலது இடுப்பு மடிந்து, கை காற்றைப் பிடித்து, பாறையோடு சரிந்தாள். மாரிக்கு அந்த விழுகை தெரியும். பதிவெடுத்த பையன் வெட்டிவிடுவோம் என்று சொன்ன விழுகை. அவள் கை தன்னால் முழங்காலைப் பிடித்துக்கொண்டது. "அய்யோ" என்றாள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அதே சத்தம் வந்தது. அறுபது பெண்களும் முதல் தடவையாக ஆதிரையின் முகத்தைப் பார்த்தார்கள். வலியில் கோணிய முகத்தை. நெடுநேரம் பார்த்தார்கள்.

அடுத்த நாள் அவள் மூன்று தடவை விழுந்தாள். அதற்கடுத்த நாள் ஆறு ஆண்களும் நின்று பார்க்க, எழ எழ விழுந்துகொண்டே இருந்தாள். உடுப்பு கழுத்துவரை பூட்டியிருந்தது. முழங்காலில் மட்டும் கிழிந்து ரத்தம் தெரிந்தது. முகம் திரை முழுக்க இருந்தது.

"பாக்காதிய! பாக்காதிய!" என்று லூர்து தெருவில் கத்திக்கொண்டு ஓடினாள். விழுகிறவளை எப்படிப் பார்க்காமல் இருப்பது? டீக்கடையிலிருந்து ஆண்களும் வந்துவிட்டார்கள்.

*

மறுநாள் காலை மாரி சட்டியோடு நாலாவது நடை போய்க்கொண்டிருந்தாள். பின்னால் லூர்து. வரப்பின் வளைவில் மாரியின் வலது இடுப்பு இறங்கியது. ஒரு குரல் வந்திருந்தால் காலை ஊன்றியிருப்பாள்.

குரல் வரவில்லை. சட்டி முன்னால் போயிற்று. முழங்கால் வரப்பின் கல்லில் இடித்து உள்ளே ஏதோ முறிந்த சத்தம் லூர்துக்கே கேட்டது.

"நான் பாக்கலியேட்டி" என்று லூர்து சட்டியைப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் மண்டியிட்டாள். "சட்டியைல்லா பாத்துக்கிட்டு வந்தேன். பாக்கக் கூடாதுன்னுல்லா இருந்தேன்."

பாத்தித் தண்ணீர் காயத்தில் ஏறி எரித்தது. மாரி பல்லைக் கடித்துக்கொண்டு, முகம் கோணி, நிமிர்ந்து பார்த்தாள். லாரிக்காரர்கள் இறங்கி வந்து வரப்பில் நின்றார்கள். முன்னால் இசக்கிராஜ். கேலி எதுவும் சொல்லவில்லை. அவன் கண் அவள் இடுப்பில் இல்லை, முகத்தில் நின்றது.

"தூக்குங்கலே!" என்று லூர்து கத்தினாள்.

அவன் அசையவில்லை. மாரி எழுந்து மறுபடி விழுவாள் என்று காத்துக்கொண்டு நின்றான்.