கணக்குப்படி விழுந்த பாலம்

காலை ஆறு மணிக்குத் தொட்டிப்பாலத்தில் தண்ணீர் திறப்பார்கள். ஐந்தே முக்காலுக்கு நான் மூன்றாம் தூணின் கீழே போய் நிற்பேன். மேலே நூறடி உயரத்தில் தண்ணீர் இந்த மலையிலிருந்து அந்த மலைக்குப் போய்ச்சேரப் பதினொரு நிமிடம் ஆகும். அதுவரை நிற்க வேண்டும். பாலம் விழாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். இதுதான் என் உத்தியோகம். நாற்பத்தொரு வருடம் பார்த்தேன். ஒருநாளும் வீட்டுக்குப் போகாமல் இருந்ததில்லை.

இந்தக் காலத்துப் பாலங்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாம் உயிர்க்காரையில் விதைபோட்டு வளர்க்கிற வளர்பாலங்கள். எடை கூடினால் வாய்திறந்து சொல்லும். விரிசல் கண்டால் தானே தைத்துக்கொள்ளும். பன்னிரண்டு வருடம் ஆனதும், பதினைந்து நாள் முன்னதாக அறிவித்துவிட்டு மரியாதையாகச் சாகும். எங்கள் ஆற்றில் ஒரு வளர்பாலம், பக்கத்துப் பாலம் செத்த துக்கத்தில் மூன்று நாள் ஒரு வண்டியையும் விடவில்லை. நான் மாலையைத் தலையில் வைத்து நீந்திப் போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வந்தேன். ஒரே குறை, அவற்றின்மேல் வாய்க்கால் ஓட்ட முடியாது. பாதித் தண்ணீரை அதுவே குடித்துவிடும்.

‘தாங்குவேன்’ என்று வாக்குத் தராத பாலத்தை யாரும் பயன்படுத்தக் கூடாது என்பது சட்டம். எங்கள் செம்பொன்விளைத் தொட்டிப்பாலமோ இருநூறு வருடத்துக் கல்லும் காரையும், ஊமை. ஊமைப் பாலத்துக்காக ஒரு மனிதர் வாக்குத் தரலாம் என்று சட்டத்தில் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள். வாயால் அல்ல, அடியில் நின்று. அப்படி நிற்பவருக்கு ‘அடிநிலையாளர்’ என்று பெயர். என் மனைவி ரோசிலி வைத்த பெயர் ‘நட்டுவச்ச வாழை’.

சென்ற மாசியில் கணிப்புத் துறையிலிருந்து பெனிலா என்ற அதிகாரி வந்தார். தூண்களைத் தட்டினார், அளந்தார், கையிலிருந்த கணிப்பலகையை நெடுநேரம் பார்த்தார். பிறகு, கணக்குப்படி இந்தப் பாலம் முப்பத்தொரு வருடத்துக்கு முன்பே ஒரு செவ்வாய்க்கிழமை விழுந்துவிட்டது என்றார். அன்றைக்கும் நான் அடியில்தான் நின்றேன், எனக்கு யாரும் தகவல் சொல்லவில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பாலம் விழுந்தால் ஓடக்கூடியவர்தான் அடியில் நிற்கலாம் என்று ஒரு விதி இருக்கிறது. எனக்கு வலது முட்டி சரியாக மடங்காமல் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது.

“நாளைக்கு ஆறு மணிக்கு வேற ஆள் நிக்கலன்னா தண்ணிய நிறுத்திருவேன் பெரியவரே,” என்றார். “இந்தத் தண்ணிய நம்பி மலைமேல உள்ள நாப்பது வீட்டையும் காலி பண்ண வேண்டியதுதான். எனக்கு வேற வழியில்ல.”

அந்த நாற்பதில் ஒன்று எங்கள் வீடு.

மறுநாள் நாற்பது வீடும் கூடிவிட்டது. பாலத்தின் உறுதியைப் பற்றிப் பேசாதவர் இல்லை. யானைக்கூட்டம் போனாலும் அசையாது என்றார் ஒருவர். யார் நிற்கிறீர்கள் என்று பெனிலா கேட்டதும் அவருக்குப் பல் வலித்தது. இன்னொருவர் அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்திருந்தார். இத்தனை வருடம் இவர்கள் நம்பியது என்னைத்தான் போலிருக்கிறது.

ரோசிலி கையிலிருந்த தூக்குவாளியை என்னிடம் நீட்டினாள்.

“பிடியும். நான் நிக்கேன்.”

வேண்டாம் என்றேன். உன்னால் ஓட முடியாது என்றேன்.

“நாப்பத்தொண்ணு வருசம் உமக்குப் பொறத்தால ஓடின காலாக்கும் இது. பாலம் விழாதுன்னு தெனமும் சொல்லுவீருல்லா. பொய்யா?”

“பொய்யில்ல.”

“பின்ன என்ன?”

தூக்குவாளியை வாங்கிக்கொண்டேன். பெனிலா அறுபது மீட்டர் ஓடிக் காட்டச் சொன்னார். ரோசிலி நூறு ஓடிவிட்டு, அப்படியே மூன்றாம் தூணுக்குப் போனாள். ஆறு மணி அடித்தது.

நாற்பத்தொரு வருடம் அடியில் நின்றவன், அன்றைக்குத்தான் பாலத்தை நிமிர்ந்து பார்த்தேன். மூன்றாம் தூணின் தலையில் உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்திருந்தது. அதற்குள் முழங்கை உயரத்துக்கு ஓர் ஆலங்கன்று. எப்போது முளைத்ததோ. மேலே தண்ணீர் வந்ததும் அதன் இலைகள் நடுங்கின. நான் பெனிலாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிறுத்தச் சொன்னேன். திறந்த தண்ணீரை எப்படிப் பெரியவரே நிறுத்துவது என்றார்.

எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவன் நான். இதைக் கூட்டவில்லை. அந்தப் பதினொரு நிமிடம் பதினொரு நிமிடம்தான் இருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை.

தண்ணீர் போய்ச்சேர்ந்தது. ரோசிலி வந்து தூக்குவாளியை வாங்கிக்கொண்டாள். “நல்ல காத்து அங்க,” என்றாள். “இதுக்கா தெனமும் களைச்சு வந்து படுத்தீரு?”

பெனிலா அவள் பெயரைப் பதிந்துகொண்டு போனார். கணக்கை மாற்றவில்லை, அதன்படி பாலம் விழுந்து இது முப்பத்திரண்டாம் வருடம். ஆலங்கன்றை ஆள்விட்டுப் பிடுங்கியாயிற்று.

நான் இப்போது காலையில் ஓடிப் பழகுகிறேன். விதிப்படி அறுபது மீட்டர் வேண்டும். இன்றைக்குப் பதினேழு ஓடிவிட்டு மூச்சுவாங்க நின்றேன். மூன்றாம் தூணிலிருந்து ரோசிலி பார்த்துச் சிரித்தாள். மேலே தண்ணீர் வரும் சத்தம் கேட்டது. பதினெட்டாவதையும் ஓடினேன்.