கேட்காமல் பேசிய நோயாளி

செவ்வாய்ப் பல்கலைக்கழகத்தின் தேர்வறையில் இறந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மாணவர்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முன்பு மனநல ஆலோசனைக்கு வந்தவர்களின் குரல்பதிவுகளை ரப்பர் உடம்புகளுக்குள் ஏற்றி, 'பயிற்சி நோயாளி' என்று பெயர் வைத்திருந்தார்கள். செத்தவர்களிடம் அனுமதி கேட்கும் வழக்கம் அங்கே இல்லை.

செவ்வாய்க் கிரகத்துக்கு முதலில் வந்து சுரங்கம் தோண்டியவர்களின் வாரிசுகளுக்கு, பின்னால் வந்த பூமிக்காரர்கள் 'பூர்வகுடி' என்று பெயர் சூட்டி, அவர்களுக்கென்று ஒரு மனநலப் பட்டப்படிப்பும் தொடங்கியிருந்தார்கள். அதில் கடைசித் தேர்வுவரை தாக்குப்பிடித்தவள் நாச்சி. தேறினால் தன் சுரங்கத்துக்கே மனநலப் பணியாளராகப் போகலாம். தவறினால் அங்கே மறுபடியும் வெளியாள்தான் வருவான். அப்படி ஒருவன் வந்து, மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்டபோதுதான் அவள் தம்பி இளவழுதி, "ஏழு" என்று பதில் சொன்னான். ஏழு என்றால் நலம். மறுநாள் அவன் காற்றுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே நடந்தான். மூச்சுக்கவசம் கொக்கியிலேயே தொங்கியது.

"வாங்க," என்றது நாச்சியின் நோயாளி.

அது செத்துப்போன தம்பியின் குரல்.

"கேளும்மா, நேரம் ஓடுது," என்றார் பேராசிரியர் கமலநாதன். "முதல் கேள்வி தெரியும்ல?"

தெரியும். ஆனால் சுரங்கத்தில் மனம் உடைந்தவனை யாரும் கேள்வி கேட்பதில்லை. முதுகோடு முதுகு சாய்த்து உட்கார்ந்துவிடுவார்கள். அவனாகப் பேசும்வரை எழ மாட்டார்கள். தம்பிக்கு அப்படி உட்கார அவள் அன்று ஊரில் இல்லை, இங்கே வகுப்பில் இருந்தாள். அந்த நினைப்பு அவளை அரித்துக்கொண்டே இருந்தது. முக்காலியை நோயாளிக்குப் பின்னால் இழுத்துப் போட்டு, ரப்பர் முதுகில் தன் முதுகைச் சாய்த்தாள்.

அவள் எழவே இல்லை. பிறகு அந்த முதுகு சூடேறியது. மெல்ல ஏறி இறங்கியது. பயிற்சி நோயாளிகளுக்கு மூச்சு கிடையாது.

"அக்கா," என்றது குரல். "வெளியில யாரோ கூப்பிடுற மாதிரியே இருக்குக்கா. பயமா இருக்கு. அந்த வெளியாள்கிட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன். அவர் அதைக் கேக்கவே இல்ல."

நாச்சி வாய்விட்டு அழுதாள். பதிவில் இல்லாத பேச்சு அது என்பது கமலநாதனுக்குத் தெரியும். அவருக்குக் கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது. ஆனாலும் விதி விதிதான்.

"ஒரு கேள்விகூட கேக்கலையேம்மா. எப்படிப் பாஸ் போடறது?" என்று அவளை வெளியே அனுப்பினார். நோயாளியைப் பழுதுபார்க்க அனுப்பினார். கோளாறு என்னவென்று கேட்டார்கள். "கேக்காமலே பேசுது," என்றார்.

சரிசெய்து கொண்டுவந்ததும் அவரே சோதித்துப் பார்த்தார்.

"பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள சொல்லுங்க. இன்னிக்கு மனசு எப்படி இருக்கு?"

"ஏழு," என்றது குரல்.

கமலநாதனுக்கு அப்போதுதான் நிம்மதி வந்தது. அடுத்த மாணவனைக் கூப்பிட்டார்.