இரைச்சலை நிறுத்தியவன்

பென்சிலால் ஒருமுறை தட்டினால் ஸ்பீக்கரில் ஒருமுறைதான் கேட்கவேண்டும். உதயரூபன் அம்ப்ளிபயரின் இரண்டாவது கண்ணாடி வால்வை மெல்லத் தட்டினான்; ஸ்பீக்கர் ‘டொக்’ என்றது. கையை எடுத்துவிட்டான். கொஞ்சம் பொறுத்து, யோசித்துவிட்டுப் பதில் சொல்வதுபோல, இன்னொரு ‘டொக்’ கேட்டது.

பழைய வால்வு என்றால் இப்படிக் கூத்துக் காட்டத்தான் செய்யும் என்று தன்னையே தேற்றிக்கொண்டான். கண்ணாடிக்குள் இருக்கிற தகடு தளர்ந்துபோனால் வால்வே ஒரு மைக் ஆகிவிடும், பக்கத்துச் சத்தத்தையெல்லாம் வாங்கி ஸ்பீக்கரில் விடும். மத்தியானத்திலிருந்து நாவற்குடாவில் மழை விட்டபாடில்லை. தகரக் கூரையில் கொட்டுகிற மழையின் ஓசையும், வாவிப் பக்கமிருந்து வருகிற சேற்று வாசமும், சூடேறிய அம்ப்ளிபயருக்குள் தூசு கருகுகிற மணமும் சேர்ந்து அந்த முன்னறையில் மூச்சுவிட இடமில்லாமல் செய்திருந்தன. அது ரதீஸின் அம்ப்ளிபயர். அதில்தான் பேஸ் கிட்டார் வாசித்தான். அதில்தான் செத்தும் போனான்.

காலையில் அதை ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கியவள் ரதீஸின் மனைவி தனுஷியா.

“அண்ணன், நாளைக்கு ஒரு கல்யாண வீட்டில ஆர்த்திகா வாசிக்கப்போறா. இதுக்குள்ள மூச்சு விடுற மாதிரி ஒரு சத்தம் வருது. என்னெண்டு பாருங்க.”

ஆர்த்திகா அவளுடைய தங்கை, அத்தானிடமே கிட்டார் பழகிய பிள்ளை.

“வால்வு பழுதாகியிருக்கும் தங்கச்சி. மாத்தி வைக்கிறன், பின்னேரம் வாங்க.”

“உங்கள நம்பித்தான் அண்ணன். அவரும் இத வேற ஆரையும் தொட விடமாட்டார்தானே.”

அந்தச் சொல் அவனை எங்கே போய்க் குத்தியது என்று அவளுக்குத் தெரியாது.

போன வருசம் ஆரையம்பதியில் ஒரு கல்யாண வீடு. இதே மாதிரி மழை. மைக்கையும் அம்ப்ளிபயரையும் ஒன்றாகப் போட்டதும் ‘ம்ம்ம்’ என்று ஒரே இரைச்சல். மாப்பிள்ளை வீட்டார் முகத்தைச் சுளித்தார்கள். பாட்டுக் குழுக்காரர்களுக்கென்று ஒரு குறுக்குவழி உண்டு: ப்ளக்கைத் திறந்து ஏர்த் வயரை வெட்டிவிட்டால் இரைச்சல் அடங்கும். பெட்டியில் கரண்ட் கசிந்தால் மண்ணுக்குப் போக வழியில்லாமல் ஆளுக்குள்ளால்தான் போகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே செய்வார்கள். குழுவுக்குச் சவுண்ட் வேலை பார்த்த உதயரூபனும் செய்தான், ரதீஸுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல். ரதீஸிடம் ஒரு பழக்கம், மைக்கைக் கண்டால் அடுப்பூதுகிற மாதிரி ‘பூ’ என்று ஊதிப் பார்க்காமல் பாடமாட்டான். நனைந்த பலகையில் வெறுங்காலோடு நின்று, கிட்டார்க் கம்பிகளைப் பிடித்தபடி மைக்கில் வாயை வைத்தான். ஊதத் தொடங்கினான். முடிக்கவில்லை.

மழை என்றார்கள், ஜெனரேட்டர் என்றார்கள், விதி என்றார்கள். உதயரூபன் வாயைத் திறக்கவில்லை. பிரேதப் பெட்டிக்குத் தோள் கொடுத்தான், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சோறும் தின்றான். சிநேகிதன் என்றால் இவன்தான் என்று ஊர் சொன்னபோது தலைகுனிந்து நின்றான்; துக்கத்தில் குனிகிறான் என்று நினைத்தார்கள். மழை கொல்லவில்லை, நான்தான் கொன்றேன் என்று ஒவ்வொரு நாளும் மனதுக்குள் சொல்லிக்கொண்டான். மனதுக்குள் மட்டும்.

இன்றைக்கு வால்வுகளை மாற்றுகிற சாட்டில் ஏர்த் வயரையும் சத்தமில்லாமல் பூட்டிவிடலாம். பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. யாருக்கும் ஒன்றும் தெரியவும் தேவையில்லை.

சுவரிலிருந்து ப்ளக்கைப் பிடுங்கித் திறந்தான். அன்றைக்கு அவன் சுற்றிய நீல டேப் வெட்டிய இடத்தில் அப்படியே ஒட்டிக்கிடந்தது. அதை உரித்தெறிந்து, செம்பை முறுக்கி, திருகாணியை இறுக்கினான். சூடு ஆறிய வால்வுகள் மூன்றையும் துணியால் பிடித்து, மெல்ல ஆட்டிக் கழற்றி மேசையில் வைத்தான். புதியவற்றின் கால்களைத் துளைகளுக்கு நேர்பார்த்து அமர்த்தினான். சுவிச்சைப் போட்டான். வால்வுகள் மெல்லச் சிவந்தன.

பூ.

மழைதான். கூரைக்குள் புகுந்த காற்றுத்தான். சத்தத்தை முழுவதும் குறைத்தான்.

பூ.

நிறுத்தினான், முதல் வால்வைக் கழற்றினான், மறுபடி சுவிச்சைப் போட்டான். பூ. இரண்டாவதையும் கழற்றினான். பூ. மூன்றாவதையும் கழற்றினான். சத்தம் வருகிற வழியே அதோடு அறுந்துபோய்விட்டது. இனி அந்தப் பெட்டியால் மூச்சுக்கூட விடமுடியாது.

பூ.

“ரதீஸ்,” என்றான் உதயரூபன். “மன்னிச்சிரு மச்சான். வயரைப் பூட்டிட்டன்.”

ஊதல் நின்றது. யாரோ காது கொடுத்துக் கேட்பது போலிருந்தது. என்னிடம் சொல்லி என்ன, சொல்லவேண்டியவளிடம் சொல் என்பது போலவும் இருந்தது.

வாசலில் ஓட்டோ வந்து நின்றது. அவசர அவசரமாகப் புதிய வால்வுகளைத் திரும்பவும் பொருத்தினான். அக்காளும் தங்கையும் தெப்பமாக நனைந்து வந்தார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு ஆர்த்திகா உள்ளே வர, சீமெந்துத் தரையில் அவளுடைய பாதங்கள் ஈரமாகப் பதிந்தன. அவன் மைக்கைப் பூட்டிக் கொடுத்தான். அவள் கிட்டாரைத் தோளில் மாட்டினாள்.

ம்ம்ம்.

“இரையுது அண்ணன்,” என்றாள் ஆர்த்திகா.

“புது வால்வு பிள்ளை. போகப்போக அடங்கும்.”

தனுஷியா தலையை ஆட்டினாள். “அண்டைக்கு ஆரையம்பதியிலயும் இப்பிடித்தானே இரைஞ்சது. நீங்க என்னமோ செஞ்ச உடன நிண்டிட்டாம். பாட முன்னம் அவர் போன் எடுத்துச் சொன்னார். கடைசியா என்னோட கதைச்சது அதுதான். அண்டைக்குச் செஞ்சதையே செய்யுங்க அண்ணன்.”

இரைச்சல் கிடக்கட்டும், அதுதான் பிள்ளைக்குக் காவல் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று கேட்டால் எல்லாவற்றையும் சொல்லவேண்டிவரும். அவன் ப்ளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, மூடியைக் கழற்றினான், ஏதோ செய்கிற பாவனைக்கு.

இரைச்சல் நிற்கவில்லை. ப்ளக் அவன் கையில் இருந்தது.

உள்ளே பார்த்தான். சற்றுமுன் அவன் பூட்டிய ஏர்த் வயர் மறுபடி வெட்டப்பட்டிருந்தது. நீல டேப். அவன் சுற்றுகிற அதே விதமாக.

இரைச்சல் நின்றது.

“நிண்டிட்டு!” ஆர்த்திகா சிரித்தாள். “அத்தான் சொன்னது சரிதான்.”

மேசையில், ஒரு வயரிலும் தொடாமல் கிடந்த பழைய வால்வுகள் சிவந்தன. ஒன்று. இரண்டு. மூன்று. பிள்ளையின் விரல்கள் கம்பிகளில். காலுக்குக் கீழே தண்ணீர். மைக்கை நோக்கிக் குனிந்தாள்.

தொடாதே என்று கத்தவேண்டும். தனுஷியா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், நன்றியோடு. அவன் ஒரு மூச்சு நேரம் யோசித்தான். ஒரே ஒரு மூச்சு.

ஸ்பீக்கருக்குள் யாரோ காற்றை நீளமாக உள்ளே இழுத்தார்கள். ஆர்த்திகா உதடுகளைக் குவித்தாள், அத்தான் பழக்கியது போலவே.