குடைக்காரரிடம் படித்த எழுத்து

“யாருக்குடி எழுதுற இதெல்லாம்?”

அடுப்பில் தேத்தண்ணி கொதித்துக்கொண்டிருந்தது. அமிர்தவல்லி திரும்பிப் பார்த்தாள். கணவன் சோலைமலையின் ஒரு கையில் அவளுடைய கோடு போட்ட நோட்டு. மறு கையில் பிரிக்காத சிலோன் கடிதம். தபால்காரரிடம் அவனே வாங்கி ஒளித்து வைத்திருக்கிறான்!

“நோட்டு பூராவும் சிங்களம்! தமிழ்ல எழுதுனா நான் படிச்சிருவேன்னுதானே? செவ்வா, வெள்ளியானா குடைக்காரன் வீட்டுல ஒனக்கு என்னா சோலி?”

“எழுத்துப் படிக்கத்தாங்க போனேன்... சத்தியமா வேற ஒண்ணுமில்லங்க!”

“நாப்பது வயசுலயா? அந்தக் குடைக்காரன் மறுபடி சிலோனுக்கே போகப் போறானாம். ஊரே பேசுது. நீயும் கூடப் போறதுக்குத்தான் இந்தக் கடுதாசியா?”

அவள் கொதிக்கும் தேத்தண்ணியை இறக்கி வைத்தாள்.

எழுபத்து மூன்றில் சிலோனின் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம் அது. பத்து வருஷமாக வடகவுஞ்சியில் கூலி வேலை. குடை ரிப்பேர் செய்யும் சுவாமிநாதனும் அங்கிருந்து வந்தவர்தான், சிங்களம் எழுதப் படிக்கத் தெரிந்தவர், மனைவியை இழந்தவர். அவர் வீட்டு வாசலில் இருவரும் ஒரே நோட்டின்மேல் குனிந்திருந்ததைச் சோலைமலை மரத்தின் மறைவில் நின்று பார்த்துவிட்டான். அன்றிலிருந்து அவள் சிரித்தாலும் குற்றம், பேசாமல் இருந்தாலும் குற்றம்.

அமிர்தவல்லி இரண்டு சேலையை எடுத்துப் பையில் திணித்தாள்.

“கன்னிவாடிக்கு எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன். நீங்க என்ன வேணா நெனச்சுக்கங்க. அந்தக் கடுதாசிய மட்டும் குடுத்துருங்க... ஒங்க கால்ல விழுறேன்!”

“பாத்தியா! புருசன் வேணாம், கடுதாசிதான் வேணும்!”

“ஏலே, அத இங்க கொண்டா.” மூலையில் படுத்திருந்த மாமனார் மாடசாமி எழுந்து உட்கார்ந்தார். கடிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தமிழே படிக்கத் தெரியாதவர். ஆனால் எந்த ஊர் எழுத்து என்று அவருக்குத் தெரியாதா?

“இது யாருகிட்டருந்து ஆத்தா?”

“கேக்காதீங்க மாமா! சாகுறப்ப அத்தை எங்கைய புடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாங்க...”

“சிவபாக்கியமா? எனக்குத் தெரியாம அவ என்னத்த...” பாதியில் நிறுத்தினார்.

“ஞானம்மாவா?”

பதின்மூன்று வருஷமாக அந்த வீட்டில் யாரும் உச்சரிக்காத பெயர்! சிங்களக் கொத்தனார் ஒருவனைக் கட்டிக்கொண்டு போன மகள். காய்ச்சலில் செத்துப்போனாள் என்று ஊருக்குச் சொல்லி, மொட்டை போட்டுக் காரியமும் செய்திருந்தார் மாடசாமி.

அமிர்தவல்லி சுவரைப் பிடித்துக்கொண்டு விம்மினாள்.

“அத்தைக்கு மூணு கடுதாசி வந்துச்சு மாமா. ஞானம்மாவுக்குத்தான் எழுதத் தெரியாதே, அவ புருசன் எழுதுனது. அத்தையால படிக்கவும் முடியல, யாருகிட்டயும் காட்டவும் முடியல. காட்டுனா ஒங்க மானம் போயிருமாம். ‘நீயே எப்படியாச்சும் படிச்சு, எம்மக நல்லா இருக்காளான்னு பாரு’ன்னு எங்கையில குடுத்துட்டுக் கண்ண மூடிட்டாங்க. ரெண்டு வருசமாச்சு, எழுத்துக் கூட்டிப் படிக்க. போன வருசந்தான் பதில் போட்டேன். ஜூலைல அங்க தமிழாளுகள வெட்டுனாங்க, எரிச்சாங்கன்னு ரேடியோவுல சொன்னதுலருந்து எனக்குச் சோறு எறங்கல... அவ இருக்காளா இல்லையான்னு அதுலதான் கெடக்கு மாமா!”

சோலைமலை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“வாசி ஆத்தா, வெரசா வாசி!”

உறையைப் பிரித்தாள். எழுத்துகள் கண்ணீரில் மிதந்தன. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள்.

“இது... அவ மக எழுதுனது. பேரு மல்லிகா. ‘நாங்க... உசிரோட... இருக்கோம்.’”

மாடசாமி வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

“‘அம்மாவத் தேடி ஆளுக வந்தாங்க. அப்பா வாசப்படிய விட்டு நகரல. பக்கத்து வீட்டுக்காரங்க அம்மாவ நாலு நாளு...’ இந்த வார்த்தை தெரியல மாமா... எங்கயோ ஒளிச்சு வச்சிருந்தாங்களாம். ‘வீடு போச்சு. அம்மாவும் அப்பாவும் நல்லா இருக்காங்க. சீயாவுக்கு இன்னும் கோவமான்னு அம்மா கேக்கச் சொன்னாங்க.’”

சீயா... தாத்தா! கிழவர் உடைந்து அழுதார்.

சோலைமலை அவள் பையை எட்டி எடுத்து, சேலைகளை வெளியே வைத்தான். “அமிர்தம்... எந்தங்கச்சிக்காகவா இத்தன பேச்சையும் தாங்குன? என்னய மன்னிச்சிரு...”

“எங்கிட்ட மட்டும் கேட்டாப் போதாதுங்க. ஊரு பேச அந்தப் பெரிய மனுசன் பேரும் கெட்டுச்சு. அவரு வாசல்லயும் போய் நின்னு கேளுங்க.”

அவன் எழுந்து குடைக்காரர் வீட்டுக்குப் போனான்.

மாடசாமி நகர்ந்து வந்து மருமகளின் பக்கத்தில் உட்கார்ந்தார். “பதில் எழுது தாயி. நான் சொல்லச் சொல்ல எழுது. நீ செத்துட்டன்னு ஊருக்குச் சொன்னேன்... உசிரோட இருக்கவளுக்குக் காரியம் பண்ணுன பாவி நான்... அதையும் எழுது.”

அமிர்தவல்லி பேனாவைத் திறந்து, தயங்கினாள்.

“அதுக்கெல்லாம் எனக்கு வார்த்தை தெரியாது மாமா. ‘வாம்மா’ன்னு எழுதத் தெரியும்.”

கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அத எழுது.”