தொப்புள் தூண்

தெம்பே ஏரி வற்றி, மீன் பிடித்த இடத்தில் ஊரே சோளம் விதைத்திருந்த கோடை அது. உயரக் கால்களில் நிற்கும் வீடுகளுக்கு அடியில் கோழிகள் புழுதியைக் கிளறிக் குழி பறித்துப் படுத்துக் கிடந்தன; மர ஏணிகள் வெயிலில் காய்ந்து, ஏறும்போதெல்லாம் நெட்டி முறித்தன. அப்படிப்பட்ட காலத்தில் தென்ரியின் வீட்டுக்கு அடியில் ஒரே ஒரு தூணின் அடி மட்டும் ஈரமாக இருந்தது.

"பார்த்தியாண்ணே?" ஏணியின் மேல்படியில், கைப்பிள்ளையைத் தோளில் சாய்த்தபடி, கீழே தூணருகே நின்ற அண்ணன் பாசோவிடம் தென்ரி கேட்டாள். "யாராச்சும் தண்ணி ஊத்திட்டுப் போறாங்களான்னு ராத்திரி பூரா முழிச்சிருந்தேன். ஒரு நாய்கூட வரல."

பக்கத்து வீட்டுச் சம்மிங் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு வாய் சும்மா இருக்குமா? "பாசோ தச்சன் நட்ட தூணாச்சே. எசமானைக் கண்டதும் வேர்த்துக் கொட்டுது."

பாசோ சிரித்து வைத்தான். குனிந்து கட்டைவிரல் நகத்தால் மரத்தை அழுத்தினான். அவித்த மரவள்ளிக் கிழங்கில் இறங்குவதுபோல நகம் இறங்கியது. விரலை முகர்ந்தான். உளுத்த மரத்தின் புளித்த வாடை அவனுக்குத் தெரியும். பாசியும் பூஞ்சையும் அவன் தொழிலோடு வளர்ந்தவை. இது வேறு, பச்சைப் பிள்ளையின் கழுத்து மடிப்பில் வரும் பால் கவுச்சி. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டான். வாடை போகவில்லை.

அது வீட்டின் தொப்புள் தூண்; மண்ணிலிருந்து பலகைத் தரையைத் தாண்டிக் கூரைவரை போவது. அதை நட்டுவிட்டுத்தான் அந்த வட்டாரத்தில் வீட்டையே எழுப்புவார்கள். காட்டில் நின்றபடிதான் மரம் வீட்டிலும் நிற்க வேண்டும்: வேர்ப்பக்கம் கீழே, நுனி மேலே. இடுப்பில் துணி நிற்காத பொடியனுக்கும் இது தெரியும். செதுக்கிய பிறகு தலை எது கால் எது என்று குழம்பக் கூடாதென்று, வெட்டிய கையோடு வேர்ப்பக்கத்தில் சுண்ணாம்பு அடையாளம் போட்டுவிடுவார்கள்.

போன வெள்ளத்தில் பழைய தூண் அழுகியபோது பாசோதான் புதிய மரம் கொண்டுவந்தான். புரட்டிப் பார்த்தால் வேர்ப்பக்கத்தில் கை நுழையும் அளவுக்குப் பொந்து. அதை மண்ணில் இறக்கினால் அடுத்த வெள்ளத்துக்குத் தாங்காது. நுனியோ இரும்பு. தங்கை நிறைமாதம், அவள் புருஷன் கடல் தாண்டித் தோட்ட வேலையில், வானம் வேறு மறுபடி கறுத்துக்கொண்டிருந்தது. இன்னொரு மரத்துக்குக் காட்டுக்குப் போக அவனுக்கு அலுப்பு. யாரும் இல்லாத நேரத்தில் சுண்ணாம்பை இழைத்துத் தள்ளினான். ஊர் கூடித் தூக்கிப் பிடித்தபோது தூணைத் தலைகீழாக நட்டான். செத்த மரத்துக்குத் தலை ஏது, கால் ஏது? தச்சு வேலைப்படி அவன் செய்தது தப்பே இல்லை. இதைத் தனக்குத் தானே அத்தனை முறை சொல்லிக்கொண்டதில், அவன் காதுக்கே அது பொய்யாகக் கேட்கத் தொடங்கியிருந்தது.

பிள்ளை பிறந்தது. தூணை ஒட்டிய உத்தரத்தில் தூளி கட்டினார்கள். கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு மேலே ஒவ்வொன்றாகக் காய ஆரம்பித்தது. காலையில் நிரப்பிய பானை உச்சிவேளைக்குள் காலி, பானையில் ஒரு விரிசல் கிடையாது. வடித்த சோறு ஆறுவதற்குள் பொரியாகும். தென்ரியின் உதடு வெடித்தது, பால் வற்றியது. மருத்துவமனையில் ஒரு குறையும் இல்லை என்று பால்மாவு கொடுத்து அனுப்பினார்கள். பிள்ளை குடித்தது. குடிக்கக் குடிக்க வற்றியது. தொடையைக் கிள்ளி விட்டால் தோல் கிள்ளியபடியே நின்றது.

"அண்ணே." தென்ரி குரலைத் தாழ்த்தினாள். "அடிமரம் கீழதான இருக்கு?"

சந்தேகமாக அவள் கேட்கவில்லை. ஆறுதலுக்குக் கேட்டாள். அவள் தோளில் கிடந்த பிள்ளை, கண்ணீர் வராத கண்ணால் தாய்மாமனையே பார்த்து அழுதது.

"பின்ன? நான் என்ன தலைகீழாவா நடுவேன்?"

"ஐய, கோவிச்சுக்காத. பயத்துல வாய் ஏதோ கேட்டுருச்சு. உன்னை விட்டா எனக்கு யாரு?"

"கொஞ்ச நாளைக்குப் பிள்ளையோட நம்ம வீட்டுக்கு வந்துரு, தென்ரி."

"பிள்ளைக்கு மண் மிதிக்கிற சடங்கே ஆகல. அதுக்கு முன்னாடி வேற வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தா ஊரு என்ன பேசும்? காரணம் சொல்லு, வரேன்."

காரணம் நாக்கு நுனியில்தான் இருந்தது. சொன்னால் அதன்பிறகு கோழிக்கூடு கட்டக்கூட அவனை ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். ஆனால் அதுவும் பெரிதில்லை. தன்னைப் பார்க்கும் அவள் முகம் மாறுவதை அவனால் தாங்க முடியாது. அவ்வளவுதான் உண்மை. அந்தக் கோழைத்தனத்துக்காக ஒரு பச்சை மண்ணை இன்னொரு இரவு அந்த வீட்டில் விட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் உச்சி வெயில். சம்மிங் சோளக்கொல்லைக்குப் போயிருந்தான். மேலே தென்ரி கண்ணயர்ந்திருப்பாள். பாசோ முட்டுக்கட்டைகளும் ரம்பமுமாக வந்தான். ஊறின அடியை அறுத்து எடுத்துவிட்டு நல்ல துண்டை ஒட்டவைத்துவிடலாம். யாரிடமும் எதையும் சொல்லாமலே சரிக்கட்டிவிடலாம். தரை உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்து இறுக்கினான். தலைக்கு மேல் பலகைத் தரை. இடுக்குகளில் கோடு கோடாக இருட்டு. கோழிகள் எல்லாம் எங்கோ போயிருந்தன.

ரம்பத்தை இழுத்தான்.

மரத்தூள் வரவில்லை. வெள்ளையாய், கூழாய் வழிந்தது.

மேலே பிள்ளை முனகியது.

நிறுத்தினான். முனகல் நின்றது.

தற்செயல் என்று சொல்லிக்கொண்டான். மறுபடி இழுத்தான். மறுபடி முனகல், ரம்பம் போகும் நீளத்துக்கு. ரம்பம் திரும்பும்போது ஒரு விக்கல்.

மெதுவாக இழுத்தான். மெதுவாக அழுதது.

ரம்பத்தின் வழியே வெள்ளைத் தண்ணீர் மணிக்கட்டுக்கு இறங்கியது. சூடாக இருந்தது. வாய் குழறிப் படைத்தவனைக் கூப்பிட்டுக்கொண்டே தூணின் மேல் உள்ளங்கையை வைத்தான். ஈர மரம் மெல்ல எழும்பியது. தாழ்ந்தது. எழும்பியது. பச்சைப் பிள்ளையின் உச்சிக்குழிபோல.

ரம்பத்தைப் போட்டுவிட்டு ஏணிக்கு ஓடினான்.

உள்ளே புழுதிக்குப் பயந்து சன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். கண் பழகவில்லை. தென்ரி தூணில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடி, ஒரு கையால் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, நான் பொய் சொல்லிட்டேன். வேர்ப்பக்கம் மேல இருக்கு. தெரிஞ்சேதான் நட்டேன். என்னை அப்புறம் திட்டு, செருப்பால அடி. இப்ப பிள்ளையத் தூக்கு, போயிரலாம்."

கண்ணைத் திறக்காமலே அவள் உதட்டில் விரலை வைத்தாள். எவ்வளவோ நாளாகக் காணாத நிம்மதி அந்த முகத்தில்.

"சத்தம் போடாதண்ணே. இப்பத்தான் அழுகைய நிறுத்துனான். கேளு, எப்படிப் பால் குடிக்கிறான்னு."

கேட்டது. உறிஞ்சல். ஒரு மடக்கு. மறுபடி உறிஞ்சல்.

அவள் மடியில் பிள்ளை இல்லை. தூளிக்குள் இருந்தது.

பாசோ அண்ணாந்து பார்த்தான். தூண் கூரைக்குள் நுழையும் இடத்தில், அந்தப் பொந்திலிருந்து, வெள்ளை வெள்ளையாய் வேர்கள். மயிர்போல. நூல்போல. தூளிக் கயிற்றைச் சுற்றிச் சுற்றிக் கீழே இறங்கியிருந்தன.

துணியை விலக்கினான்.

பிள்ளையின் வாயில் விரல் தடிமனுக்கு ஒரு வேர். உதடுகள் அதைச் சுற்றி இறுகியிருந்தன. கண்கள் திறந்திருந்தன. தாய்மாமனைப் பார்த்தன.

உறிஞ்சல். ஒரு மடக்கு.

பிள்ளையின் தொண்டை அசையவில்லை.

வேர்தான் விழுங்கிக்கொண்டிருந்தது.